நாக்கு காந்தினால் முதலில் எதைத் தேர்வது?

அத்தைக்கு நாக்கு எரியத் தொடங்கி எட்டு மாதமாகியும் வீட்டில் யாரும் அதை முழுசாக நம்பவில்லை. காரணம் சாப்பாட்டுத் தட்டு. மிளகு ரசத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து, ஊறுகாய் தொட்டுக்கொண்டு, முகம் சுளிக்காமல் சாப்பிடுவார். கை கழுவி, பாத்திரத்தை ஒதுக்கிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்த பிறகுதான் ‘காந்துதும்மா’ என்பார். ‘காரம் திங்கும்போது எரியாத நாக்கு சும்மா இருக்கும்போது எரியுதாக்கும்?’ என்று மாமா கேட்பார்.

கிண்டலாகக் கேட்டாலும் அது சரியான கேள்வி. புண்ணால் வரும் எரிச்சல் காரம் பட்டதும் துள்ளும். வாயில் வேலை நடக்கும்போது அடங்கி, ஓய்ந்ததும் தலைதூக்கும் எரிச்சல் நரம்பின் பக்கம் கை காட்டுகிறது. (காரம் பட்டால் கூடுகிறவர்களும் உண்டு. இது ஒரு தடயம், அவ்வளவுதான்.) காலையில் எழும்போது தேவலை, பொழுது ஏற ஏறக் கூடும், ராத்திரி தூக்கத்தை மட்டும் கெடுக்காது என்று அத்தை சொன்ன வரிசையும் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தேன். இளஞ்சிவப்பு நாக்கு, நடுவில் லேசான ஒரு கோடு, ஓரத்தில் பல் பதிந்த தடம். பார்ப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. இந்த நோயில் பாதி அவதி அதுதான்.

இதற்கு பர்னிங் மவுத் சிண்ட்ரோம் என்று பெயர். தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல், மூன்று மாதத்துக்கு மேல் எரிச்சல் இருக்க வேண்டும். வாயில் அதற்குக் காரணமான புண்ணோ படலமோ இருக்கக் கூடாது. 2018-ல் வந்த சர்வதேசத் தலைவலி வகைப்பாட்டின் மூன்றாம் பதிப்பு வைத்த அளவுகோல் இது. மாதவிடாய் நின்ற பெண்களிடம்தான் அதிகம். பெரும்பாலும் நுனியிலும் இரண்டு ஓரங்களிலும் ஒரே மாதிரி எரியும். கூடவே வாயில் ஒரு கசப்போ, காசு சப்பினது போன்ற உலோக ருசியோ ஒட்டிக்கொண்டிருக்கும்.

இதற்கு என்னென்ன மருந்து உண்டு, எதை முதலில் பார்ப்பது என்று தேடிப் படித்தும், மருத்துவர்களிடம் கேட்டும் நான் வந்த முடிவைத்தான் இங்கே எழுதுகிறேன். மருந்துப் பட்டியலிலிருந்து தொடங்கினால் குழப்பம்தான் மிஞ்சுகிறது. வலி எந்த இடத்தில் உற்பத்தியாகிறது என்று முதலில் கேட்டுக்கொண்டால் பட்டியல் தானாக வரிசைக்கு வந்துவிடுகிறது.

அந்த இடங்கள் மூன்று. நாக்கின் முன்பக்கம் மூன்றில் இரண்டு பங்குக்குச் சூடு, தொடுதல், வலி எல்லாம் லிங்குவல் நரம்பின் பொறுப்பு. அது முகத்துக்கு உணர்ச்சி தரும் ட்ரைஜெமினல் நரம்பின் கிளை. 2005-ல் இத்தாலியில் 12 நோயாளிகளின் நாக்கு ஓரத்திலிருந்து துளித் தசை எடுத்துப் பார்த்தார்கள். மேல்தோலுக்குள் நுழையும் மெல்லிய நரம்பிழைகள் நோயில்லாதவர்களைவிட வெகுவாகக் குறைந்திருந்தன. சர்க்கரை நோயாளிக்குப் பாதம் எரிவதும் இதே மெல்லிய இழைகள் கெடுவதால்தான். அத்தையிடம் ‘உங்க நாக்குக்குக் கால் எரிச்சல் வந்திருக்கு’ என்றேன். உடனே பிடிபட்டுவிட்டது. அவருடைய அம்மாவுக்கு அந்தக் கால் எரிச்சல் இருந்ததாம்.

இரண்டாவது, சுவை நரம்பு. முன்நாக்கின் சுவை கோர்டா டிம்பானி என்ற இழை வழியாகப் போகிறது. அது முக நரம்பின் கிளை. செவிப்பறைக்குப் பின்னால், நடுக்காதைக் குறுக்கே கடந்து செல்கிறது என்பதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது, ரசத்தின் ருசி காது வழியாகவா போகிறது! இந்தச் சுவை நரம்பு சும்மா சுவையை மட்டும் சுமப்பதில்லை, பக்கத்து வலி நரம்பை அடக்கியும் வைக்கிறது, அது தளர்ந்தால் வலி நரம்பு கட்டவிழ்ந்துவிடுகிறது என்று ஒரு கருத்து உண்டு. சாப்பிடும்போது எரிச்சல் அடங்குவதற்கும் வாயில் கசப்பு ஒட்டுவதற்கும் இந்தக் கருத்து நன்றாகப் பொருந்துகிறது. என்றாலும் இன்னும் கருத்துதான்.

மூன்றாவது, மூளை. ஃபின்லாந்தில் செய்த பெட் ஸ்கேன் ஆய்வுகள் சில நோயாளிகளின் மூளையில் பியூட்டமன் என்ற பகுதியில் டோபமின் என்ற மூளை வேதிப்பொருளின் செயல்பாடு குறைவு என்று காட்டின. மேலிருந்து கீழே வலியை அடக்கும் ஏற்பாட்டில் டோபமினுக்குப் பங்கு உண்டு. அந்த ஏற்பாடு மந்தமானால், நாக்கிலிருந்து வரும் சாதாரணச் சேதியும் எரிச்சலாகவே கேட்கும்.

ஒரே எரிச்சல், மூன்று பிறப்பிடம். ஒருவருக்கு வேலை செய்த மாத்திரை இன்னொருவருக்குத் துளியும் கேட்காததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இதற்குள் நுழையுமுன் ஒரு வாசலைத் தாண்டியாக வேண்டும். வேறு நோய் நாக்கை எரிக்கவில்லை என்று உறுதி செய்வது. ரத்த எண்ணிக்கை, இரும்பு, பி12, ஃபோலேட், சர்க்கரை, தைராய்டு. நம் வீடுகளில் இதில் ஒரு தனிச் சிக்கல்: சர்க்கரைக்கு வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு பி12 குறையும், சைவச் சாப்பாட்டுக்காரர் என்றால் இன்னும் குறையும். எனலாப்ரில் போன்ற பிபி மாத்திரைகள் சிலருக்கு வாய் எரிச்சல் தருவதுண்டு. பல்செட்டுக்கு அடியில் பூஞ்சை, ஆஸ்துமா இன்ஹேலரால் வரும் வெள்ளைப் படலம், எச்சில் வறட்சி, பற்பசையில் உள்ள நுரைப்பொருள் என்று இன்னும் உண்டு. பாக்கு போடும் பழக்கம் உள்ளவருக்குக் காரம் பட்டாலே வாய் எரிந்து, வாயைப் பெரிதாகத் திறக்க முடியாமல் போனால் அது சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ். புற்றுநோயாக மாறக்கூடியது, நரம்புக் கதையே அல்ல. ஒரு பக்கம் மட்டும் வலி, மரத்துப்போதல், இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத புண், கையில் தட்டுப்படும் கட்டி: இவற்றில் எது இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். கடைவாய்ப் பல் பிடுங்கிய பிறகு ஒரு பக்க நாக்கு மரத்து எரிந்தால் லிங்குவல் நரம்பில் அடிபட்டிருக்கலாம். அதற்கும் வைத்தியம் வேறு.

அத்தைக்கு எல்லாச் சோதனையும் சரியாக வந்தது. பி12 மட்டும் கீழ் எல்லையை ஒட்டி. அதைச் சரிசெய்தும் மூன்று மாதத்தில் எரிச்சல் அசையவில்லை. அதன் பிறகுதான் தேர்வு என்ற பேச்சே வந்தது.

எல்லோரும் முதலில் தேர்வது மருந்துக்கடையில் கிடைக்கும் ‘நரம்பு மாத்திரை’யைத்தான். எனக்குப் பிடிக்காத தேர்வும் அதுதான். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் மெத்தில்கோபாலமின், ஆல்ஃபா லிப்போயிக் அமிலம், பி6, ஃபோலிக் அமிலம் என்று ஒரு கூட்டணியே இருக்கும். இதில் ஆல்ஃபா லிப்போயிக் அமிலத்தை மட்டும் தனியாக எடுத்துப் பேசலாம். 2000-களின் தொடக்கத்தில் இத்தாலிய ஆய்வு ஒன்று தினம் 600 மில்லிகிராம் கொடுத்து அபாரமான முன்னேற்றம் என்று அறிவித்தது. ஆசையோடு மற்றவர்கள் அதைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். 2009-ல் வந்த சோதனைகளில் மருந்தில்லாத வெறும் மாத்திரைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. குறைபாடு இருந்தால் பி12 நிச்சயம் வேண்டும். குறைபாடே இல்லாமல் மாதக்கணக்கில் விழுங்குவது காசுக்குக் கேடு. பி6 விஷயத்தில் உடம்புக்கும் கேடு. அதிக அளவில் நீண்ட நாள் போனால் அதுவே உணர்ச்சி நரம்புகளைக் கெடுக்கும். நரம்புக்கென்று வாங்கி நரம்பைக் கெடுத்துக்கொள்வது!

இனி நிஜமான போட்டி. குளோனாசிபாம் ஒரு பக்கம், காபாபென்டின் அல்லது அமிட்ரிப்டிலின் இன்னொரு பக்கம், மனப்பயிற்சி சிகிச்சை மூன்றாவது பக்கம்.

குளோனாசிபாம் வலிப்புக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் மருந்து. இங்கே அதை விழுங்குவதில்லை என்பதுதான் சுவாரசியம். பிரான்ஸில் 48 பேரிடம் செய்து 2004-ல் வெளியான சோதனையில் 1 மில்லிகிராம் மாத்திரையைச் சப்பி, ஊறும் எச்சிலை எரியும் இடத்திலேயே மூன்று நிமிடம் நிறுத்தி, பிறகு துப்பச் சொன்னார்கள். தினம் மூன்று முறை, 14 நாள். வெறும் மாத்திரை சப்பியவர்களைவிட மருந்து சப்பியவர்களுக்கு வலி தெளிவாகக் குறைந்தது. நரம்பின் படபடப்பை அடக்கும் காபா ஏற்பிகளை (நரம்பணுவில் வேதிச் சேதியை வாங்கும் இடங்கள்) இந்த மருந்து தூண்டும். மருந்தை நாக்கிலேயே நிறுத்துவதன் நோக்கம், கெட்ட இடத்திலேயே அதைச் சேர்ப்பது. துப்பினாலும் கொஞ்சம் ரத்தத்தில் சேரத்தான் செய்யும். தூக்கக் கலக்கம் வரலாம். பழக்கமாகும் குடும்பத்தைச் சேர்ந்த மருந்து என்பதால் சீட்டு இல்லாமல் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. ராத்திரி எழுந்து நடக்கும் வயதானவர்கள் விழுந்துவிடும் ஆபத்தை மருத்துவரிடம் பேசிவிடுங்கள். வேறு தூக்க மாத்திரை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

காபாபென்டின், ப்ரீகாபாலின், அமிட்ரிப்டிலின் எல்லாம் விழுங்குகிறவை. ரத்தத்தில் கலந்து மூளை, தண்டுவடம் வரை போய் வலிச் சேதியைத் தணிப்பவை. கோளாறு மேலே இருந்தால் இவைதான் எட்டும். நாக்கு ஒன்றுக்காக உடம்பு முழுக்க விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. முதல் இரண்டும் தலைசுற்றலும் கால் வீக்கமும் தரலாம். அமிட்ரிப்டிலின் எச்சிலை வற்றவைக்கும். எரியும் வாயில் எச்சிலும் இல்லாவிட்டால் என்ன ஆகும்? எனக்குத் தெரிந்த ஒருவர் இதே மாத்திரையில் நன்றாகத் தூங்கி, காலையில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதென்று இரண்டே வாரத்தில் நிறுத்திவிட்டார். மலச்சிக்கல், சிறுநீர் தடைபடுதல், கண் அழுத்தம் உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். எரிச்சலோடு தூக்கமின்மையும் வேறு உடல்வலிகளும் சேர்ந்து இருப்பவருக்கு, ஒரே மாத்திரையில் மூன்றையும் பார்க்கலாம் என்பது இவற்றின் பலம். அது சின்னப் பலமும் அல்ல. ஆனால் பலன் தெரிய வாரங்கள் ஆகும். அளவையும் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும்.

எந்தப் பக்கம் போவது என்று தீர்மானிக்க ஒரு சோதனையே இருக்கிறது, பரவலாகச் செய்வதில்லை என்றாலும். பல் பிடுங்குவதற்குப் போடும் மரத்துப்போகும் ஊசியை லிங்குவல் நரம்புக்குப் போட்டுப் பார்ப்பது. பிரான்ஸில் 2010-ல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில் நோயாளிகள் இரண்டாகப் பிரிந்தார்கள். நாக்கு மரத்ததும் எரிச்சல் போனவர்கள் ஒரு கூட்டம். நாக்கே மரத்துப்போயும் எரிச்சல் அப்படியே இருந்த, அல்லது கூடிய கூட்டம் இன்னொன்று. முதல் கூட்டத்துக்குக் கோளாறு நரம்பின் நுனியில். சப்பித் துப்பும் குளோனாசிபாம் அவர்களுக்குத்தான் நன்றாகக் கேட்டது. மரத்த நாக்கு எரிவதை நினைத்துப் பாருங்கள். தொட்டால் தெரியாது, கடித்தால் தெரியாது, எரிவது மட்டும் தெரிகிறது. வலி நாக்கில் இல்லை என்பதற்கு இதைவிடக் கண்ணெதிர் சாட்சி கிடையாது.

ஊசி போட்டுப் பார்க்கும் வசதி எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் சப்பித் துப்பும் முறையே ஒரு வகையில் அந்தச் சோதனையின் வேலையைச் செய்துவிடுகிறது. இரண்டு வாரத்தில் குறைந்தால் நுனியின் கோளாறு என்று ஊகிக்கலாம். அசையாவிட்டால் மேலே பார்க்க வேண்டும். எல்லா மாத்திரைக்கும் முன்னால் நான் இதை நிறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மிளகாயை விட்டுவிட்டேனே. காரத்துக்குக் காரணமான கேப்சைசின் நரம்பு நுனியில் டிஆர்பிவி1 என்ற ஏற்பியைத் தட்டுகிறது. சூட்டுக்கும் அதே ஏற்பிதான். காரத்தை ‘சூடு’ என்று பல மொழிகள் சொல்வது வெறும் உவமை இல்லை. 1997-ல் இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் கிடைத்தது. இந்த நோயாளிகளின் நாக்கில் அந்த ஏற்பி கூடுதலாக இருப்பதாகவும் பார்த்திருக்கிறார்கள். திரும்பத் திரும்பத் தட்டினால் நுனி களைத்து அடங்கும் என்ற கணக்கில் 0.02 சதவீதக் கேப்சைசின் கரைசலால் கொப்பளிக்க வைத்தார்கள். ஓரளவு பலன் இருந்தது. முதல் சில நாள் எரிச்சல் கூடும், அதைத் தாண்ட வேண்டும். மாத்திரையாக விழுங்கவைத்த சோதனையில் வயிற்று வலி பலரைப் படுத்தியது. வீட்டில் மிளகாய்த் தூளைக் கரைத்துக் கொப்பளிக்கும் யோசனை யாருக்காவது வந்தால், வேண்டாம்; அளவு தெரியாமல் செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு அடுப்பில் கை வைப்பது. அத்தையிடம் இதைப் பற்றிச் சொன்னபோது, ‘ஐம்பது வருஷமா மிளகாய்தானே திங்கிறேன், இன்னும் களைக்கலையா அது?’ என்றார். என்னிடம் பதில் இல்லை.

லேசர் ஒளி சிகிச்சையும் சில பல் மருத்துவமனைகளில் உண்டு. சோதனைகள் சிறியவை, செலவும் அலைச்சலும் உள்ளவை. நான் பின்னால்தான் வைப்பேன்.

மனப்பயிற்சி சிகிச்சை, அதாவது சிபிடி (நினைப்பையும் பழக்கத்தையும் பேசிப் பழகி மாற்றுவது), இந்தப் பட்டியலில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது. ‘மனநல ஆலோசகரைப் பாருங்க’ என்று மருத்துவர் சொன்னதும் அத்தையின் முகம் சுருங்கிவிட்டது. ‘அப்ப நான் நடிக்கிறேன்னு சொல்றாரா?’ அப்படி இல்லை. வலியை அடக்கும் மேல்நிலை ஏற்பாடு என்று மேலே எழுதினேனே, பயமும் கவனமும் தூக்கமும் நேராக அதன்மேல்தான் கை வைக்கின்றன. நாளுக்கு இருபது முறை கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்ப்பதும், புற்றுநோயோ என்று நினைப்பதும் அந்த ஏற்பாட்டை மேலும் தளர்த்தும். ஸ்வீடனில் 1995-ல் வெளியான ஆய்வில் 30 பேரில் பாதிப் பேருக்கு வாரம் ஒரு மணி நேரம் வீதம் 12 முதல் 15 வாரம் இந்தப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுக்கு வலி குறைந்தது. ஆறு மாதம் கழித்தும் அந்தக் குறைவு நிலைத்திருந்தது. இந்த நோய்க்கான மருந்துச் சோதனைகளில் ஆறு மாதம் கழித்து நோயாளியைக் கூப்பிட்டுக் கேட்டவையே சொற்பம். பக்கவிளைவும் இல்லை. குறை, தமிழில் பேசி இதை முறையாகச் செய்யும் ஆள் சிறு ஊர்களில் கிடைப்பது கஷ்டம், ஆன்லைனில் தேடினோம்.

எல்லாவற்றின் மீதும் ஒரு சந்தேகக் கண் வேண்டும். 2016-ல், மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 23 சோதனைகளை, மொத்தம் 1121 பேர், ஒன்றாகப் போட்டு அலசியது. எந்தச் சிகிச்சைக்கும் உறுதியான சான்று இல்லை, இருப்பவற்றின் தரம் மிகக் குறைவு என்றே முடித்தது. வேறொரு அலசலில் வெறும் மாத்திரை தந்த பலன் நிஜ மருந்து தந்ததில் 72 சதவீதம் இருந்தது. எனவே ‘எனக்கு இது கேட்டது’ என்று யார் சொன்னாலும், நான் சொன்னாலும், அதில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். தானாகப் போய்விடும் என்று காத்திருப்பதும் ஒரு தேர்வுதான். ஆனால் 53 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வில் ஐந்தாண்டுக்குள் சிகிச்சையின்றி எரிச்சல் முழுதாக விட்டுப்போனவர்கள் 3 சதவீதமே.

ஆக என் வரிசை இது. எரிச்சல் நாக்கில் மட்டும், தூக்கம் நன்றாக இருக்கிறது, வேறு வலி இல்லை என்றால் சப்பித் துப்பும் குளோனாசிபாம், இரண்டு முதல் நான்கு வாரம், மருத்துவர் மேற்பார்வையில். தூக்கம் போய், உடம்பு முழுக்க வலியும் கவலையும் சேர்ந்திருந்தால் அல்லது சப்பியதில் அசைவில்லை என்றால் விழுங்கும் மருந்து, சிறு அளவில். எச்சில் ஏற்கெனவே குறைவு என்றால் அமிட்ரிப்டிலின் கடைசி. சிபிடி எந்தக் கட்டத்திலும் கூடவே வரலாம். மருந்து தோற்ற பிறகுதான் என்று தள்ளிவைப்பது தவறு. ஒரே நேரத்தில் இரண்டு மருந்து தொடங்கினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது.

எது ஆரம்பித்தாலும் ஒரு நோட்டு வேண்டும். தினச்சீட்டு நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தை அத்தை பயன்படுத்துகிறார். காலை, மதியம், ராத்திரி, பத்துக்கு எத்தனை. ஆரம்பித்த வாரம் ராத்திரி எண் 7, 8 என்று இருந்தது. நாலாவது வாரத் தாள்களில் 4, 4, 5, 3, நடுவில் பேரன் காய்ச்சலில் கிடந்த அன்று மட்டும் 7.

மருத்துவர் எழுதிக் கொடுத்தது அரை மில்லிகிராம், வாயில் கரையும் வகை, தினம் இரண்டு வேளை. சமையல்கட்டுச் சுவர்க் கடிகாரத்துக்கு நேராக ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். மூன்று நிமிடம் பேச முடியாது. அந்த நேரம் பார்த்துத்தான் சின்ன நாத்தனார் போன் செய்வார். அத்தை கையை ஆட்டி என்னை எடுக்கச் சொல்வார். முள் மூன்றாவது சுற்று முடிந்ததும் வாஷ்பேசினுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்து போனை வாங்கிக்கொள்வார். அடுத்த மாதம் ஒரு வேளையைக் குறைத்துப் பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். முன்பு எழுதி வாங்கிய அமிட்ரிப்டிலின் அட்டை பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. மாமா அதைத் தூக்கிப் போடச் சொல்கிறார், அத்தை ‘இருக்கட்டும்’ என்கிறார்.